வறுகடலையும் இரண்டு செக்போஸ்ட்டும்

கேரளத்துக்காரன் என்று சொன்னதும் வீட்டைச் சுற்றித் தென்னையும் பக்கத்தில் காயலும் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பிறந்தது பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று நீளும் அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் தென்மேற்குப் பருவமழையில் பாதி தீர்ந்துபோயிருக்கும். காற்று மட்டும் கணவாய் வழியாகக் குறையாமல் வரும். கண்ணுக்கு எட்டியவரை பனை. சித்தூர் 1949 வரை கொச்சி ராஜ்யம், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். எங்கள் அப்பாரு ஊரைவிட்டு நகராமலே மூன்று அரசாங்கத்துக்குக் கந்தாயம் கட்டியவர். பேச்சு கடைசிவரை கொங்குத் தமிழ்தான். காட்டில் நிலக்கடலை.

கேரளத்தில் நிலக்கடலை என்று சொல்லும்படி விளைந்ததே எங்கள் பக்கத்தில்தான். பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் வாணலியைக் கரண்டியால் டங் டங்கென்று தட்டி, சூடாகப் பொட்டலம் கட்டி விற்பவரிடம் போனால் அது கப்பலண்டி. எங்கள் வீட்டில் கல்லக்காய். வைகாசி, ஆனியில் விதைத்தால் புரட்டாசியில் பறிப்பு. பூ வெளியே பூத்து, அதன் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் பயிர் அது. பறிக்கும் நேரத்தில் ஒரு மழை கிடைக்காவிட்டால் கொடி கையோடு வந்துவிடும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியதைக் கொத்தி எடுப்பது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை. எடுத்தது எடுத்தவருக்கு. பறிக்க வந்தவர்களுக்குக் கூலியும் காயாகவே அளப்பார்கள். கொடி மாட்டுக்கு, தோடு அடுப்புக்கு. முதல் பத்து நாள் பச்சைக் காயை அவித்துத் தின்போம். பிறகு களத்தில் காய்ந்து மூட்டையேறிவிட்டால் அடுத்த பறிப்பு வரைக்கும் வறுகடலைதான்.

வறுப்பது அப்பத்தாளின் வேலை. வேறு யாரையும் விடமாட்டார். அடிக் கனமான வடைச்சட்டி ஒன்று அதற்கென்றே இருந்தது. ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து ஒரு மண்சட்டியில் வைத்திருப்பார். வருஷக்கணக்கில் அதே மணல். வறுத்து வறுத்துக் கறுத்துப்போயிருக்கும். புது மணல் சூடேற நேரமாகும் என்பது அவர் கட்சி. அது மெய்யா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் மணல் எதற்கு என்பதில் சந்தேகமில்லை. வெறும் சட்டியில் காயைப் போட்டால் அடியைத் தொடுகிற இடம் கருகும், மேல்பக்கம் பச்சையாகக் கிடக்கும். சுட்ட மணலில் போட்டால் காயின் எல்லாப் பக்கமும் ஒரே சூடு அணைத்துப் பிடிக்கும். அடுப்பில் பருத்திமார் எரியும். சுள்ளென்று பிடித்துச் சீக்கிரம் அடங்குகிற தீ அது. அதனால் கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் சட்டியைப் பார்த்தே நான் கண்டதில்லை. வாசலில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே கிளறுவார். கவனமெல்லாம் காதில். முதலில் காய் ஈரத்தோடு இருக்கும்போது கரண்டி பட்டால் மந்தமாக ஒரு சத்தம். ஈரம் போகப் போக அது லேசாகும், கலகலவென்று ஆகும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோடு பட்டென்று வெடிக்கும். அதற்குப் பின்னால்தான் வாசம். வாசம் நன்றாக வந்துவிட்டதே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

“வாசம் வாசப்படி தாண்டுச்சுன்னா தீஞ்சு போச்சுன்னு அர்த்தம் கண்ணு. சத்தம் கேக்கறப்பவே எறக்கிப்போடோணும். எறக்குனதுக்கப்பறமும் அது வேகும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அறிவியல் ஆசிரியனான பிறகு வகுப்பில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கடலையில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீயிலிருந்து எடுத்தாலும் பருப்பின் உட்புறம் சற்று நேரம் வறுபட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே இறக்கி, சலித்து, முறத்தில் பரப்பிவிட வேண்டும். குவித்து வைத்தால் நடுவில் உள்ளது கருகும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து முறுகலில்லை என்று மறுபடி அடுப்பில் ஏற்றுகிறவர்கள் உண்டு. சுடுகடலை மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் நொறுங்கும். பச்சைக் கடலைக்கு மொச்சையின் வாடை. வறுத்ததற்கோ வேறொரு வாசம். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து புதுப் பொருள்களாக மாறுவதால் வருவது அது. 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை எழுதி வைத்தார். அவர் பெயரில்தான் இன்றும் அந்த வினை வழங்குகிறது. ரொட்டியின் மேல்தோலும் காப்பிக்கொட்டையும் பழுப்பேறுவதில் அதற்குப் பங்குண்டு.

உடைத்த பருப்பை வறுக்கும்போது மணல் கிடையாது. வெறும் சட்டி, சின்னத் தீ. ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெளித்தோலின் நிறத்தை நம்பக் கூடாது, அது பச்சையிலேயே சிவப்பு. ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்து வாசலுக்குக் கொண்டுபோனால் மிச்ச வேலையைக் காற்று செய்யும். ஆடியில் வீட்டு ஓடுகளைத் தூக்குகிற காற்றுக்கு எங்கள் ஊரில் கிடைத்த ஒரே நல்ல பெயர் இந்தத் தோலை ஊதித் தருவதில்தான்.

வறுப்பதற்கு முன்னால் பொறுக்குவது என்று ஒன்று உண்டு. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, தோட்டிலேயே ஈரம் பட்டது எல்லாம் தனியே போகும். கோழிக்குக்கூடப் போடமாட்டார், குப்பைக்குழிக்குத்தான். “கசப்பு ஒண்ணு, நூறைக் கெடுக்கும்” என்பார். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. கல்லூரியில் இதைப் படித்தபோது குப்பைக்குழிக்குப் போன அந்தப் பருப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. கோழிக்கும் போடாதே என்று அப்பத்தாளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எங்கள் சமையலில் தேங்காய் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் கடலை இருந்தது. தேங்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கடலை மூட்டையில் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம், வேறு தத்துவம் எதுவும் இல்லை. ராகிக்களிக்கும் கம்மஞ்சோற்றுக்கும் கடலைச் சட்னி. வரமிளகாயை எண்ணெயில் வாட்டி, பூண்டு, புளி, உப்போடு வறுகடலையை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். முதலில் கரகரவென்று வரும், பிறகு எண்ணெய் விட்டுக் குழையும். குழைவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் நாக்கில் பருப்பு தெரியும். மிக்ஸி வந்த பிறகு இந்த நிறுத்தம் போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் கடலைச் சட்னி இன்று பசைதான்.

கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வறுகடலை ஒரு கை, எள் கால் கை, கொத்தமல்லி விதை, வரமிளகாய், சின்ன வெங்காயம். எள்ளையும் கடலையையும் சேர்த்து வறுக்கக் கூடாது. கடலை பாதி வழி போவதற்குள் எள் தெறித்துக் கருகிவிடும். தனித்தனியாக வறுத்து, தனியே ஆறவிட்டு, ஒன்றாக அரைக்க வேண்டும். காம்பு விடாமல் நாலாகக் கீறிய பிஞ்சுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீர் கொதித்து அதன் பச்சை வாடை போன பிறகுதான் அரைத்ததை ஊற்றுவது. கொதிக்கும்போது நீர்த்துத்தான் இருக்கும். ஆறினால் இறுகும் என்று தெரியாதவர்கள் அடுப்பிலேயே வற்றவைத்துக் களியாக்கிவிடுவார்கள். மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் இறக்கலாம். அந்த எண்ணெயில் பாதி நாம் ஊற்றியதல்ல, கடலையிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பட்டாம்பிப் பக்கத்து மலையாளி ஆசிரியர் ஒருவர் இதைச் சாப்பிட்டுவிட்டு, வறுத்தரைத்த தேங்காய் என்றே நினைத்து அப்பத்தாளிடம் செய்முறை கேட்டார். “தேங்காய்க்கு நாங்க எங்க சாமி போவோம்” என்று அவர் சொன்னதை அந்த ஆசிரியர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது. கேரள அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் பாலக்காட்டிலும் இடுக்கியிலும்தான் முக்கியமாக உண்டு. சித்தூர்க்காரனுக்கு இடம் கிடைத்தது மூணாற்றுப் பக்கத்தில். வரைபடத்தில் ஒரே மாநிலம். போகிற வழி அப்படியில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கேரளத்தைவிட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னார் செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் தாண்டி மேலே ஏற வேண்டும். கேரளத்துக்குள்ளேயே போக நினைத்தால் திருச்சூர், ஆலுவா என்று சுற்ற வேண்டும். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் வறுகடலை ஒரு பை என்னோடு வரும். மறையூர்ச் சந்தனத்துக்காகச் சின்னாரில் கீழே இறங்குகிற வண்டிகளைத்தான் கடுமையாகத் துழாவுவார்கள். ஏறுகிறவர்கள் பைக்கு அவ்வளவு சோதனை இல்லை. ஆனாலும் என் பையை மறைக்க முடியாது. பஸ் நின்றதும் வாசம் முன்னால் இறங்கிவிடும். காவலுக்கு நின்ற ஒருவருக்கு ஒருமுறை ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். “கொழிஞ்சாம்பாறையோ?” என்று மலையாளத்தில் கேட்டார். அவருக்கு நென்மாறை. பக்கத்து ஊர்க்காரரைக் காட்டுக்கு நடுவில் கண்டுபிடித்துக் கொடுத்த கடலை.

மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். அங்கே போன முதல் மழைக்காலத்திலேயே எங்கள் ஊர்க் கடலை தோற்றுவிட்டது. டப்பாவை எப்படி இறுக்கி மூடினாலும் ஒரு வாரத்தில் நமுத்துப்போகும். எடுத்து வாயில் போட்டால் பச்சையும் இல்லை, வறுத்ததும் இல்லை. பச்சைக் காயை அவிக்கலாமென்றால் அதற்கும் நேரமாகும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது; எவ்வளவு தீ போட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் அவித்தால் ஊரில் ஆவதைவிட வெகு நேரம் ஆகும். வறுப்பதற்கு இந்தத் தொல்லை கிடையாது. காய்ந்த சட்டிக்கு உயரம் தெரியாது.

தொல்லை விறகில் வந்தது. அங்கே எரிப்பது பெரும்பாலும் கிராண்டிஸ். தேயிலை ஆலைகளுக்காக மலையெங்கும் நட்ட யூகலிப்டஸ் மரம் அது. அதன் எண்ணெய்க்குத் தீ ஆளுயரம் எழும்பும். பக்கத்து லயத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் என் வாசலில் புகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அவர்கள் பாட்டன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பம். “சார், எரியிற தீயில வறுக்காதீக. எரிஞ்சு முடிஞ்ச தீயில வறுங்க” என்றார். கட்டை தணலாகும்வரை அதில் கட்டன் சாயா போட்டுவிட்டு, தணலின் மேல் சட்டியை வைப்பது அவர்கள் வழக்கம். நமுத்த கடலைக்கும் அவரே வழி சொன்னார். தூக்கிப் போட வேண்டாம். தணலில் நாலு கிளறு கிளறி ஆறவிட்டால் ஈரம் போய் மறுபடி நொறுங்கும். அடுப்புக்கு மேலே கட்டிய பரணில், விறகு காய்கிற இடத்தில், அவர்கள் வீட்டுக் கடலை டின் இருந்தது. மலையில் உலர்ந்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். அந்த லயங்களில் குளிர்காலத்து அந்தி நேரத்துக்குக் கட்டன் சாயாவும் நாலு கடலையும் போதும். வேலை முடிந்து வந்த பெண்கள் வாசல்படியில் உட்கார்ந்து தோல் நீக்கி ஊதுவார்கள். மூணாற்றில் காற்று நம்மூரைப் போல உதவாது, தோல் ஈரத்தில் முந்தானையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மலையிலும் எங்கள் ஊரைப் போன்ற ஓர் இடம் இருக்கிறது. மறையூர். சுற்றிலும் மழை கொட்ட, அது மட்டும் மழைமறைவில் காய்ந்து கிடக்கும். பேச்சில் தமிழ் கலந்து ஒலிக்கும் ஊர். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஓலைக் கொட்டகையில் சாறு காய்ச்சிக் கையாலேயே உருட்டுகிற வெல்லம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறம் கரும்பழுப்பு, உப்புச் சுவை அவ்வளவாகக் கிடையாது. அதில்தான் நான் முதன்முதலாகக் கடலை உருண்டை பிடிக்கக் கற்றேன். சொல்லிக்கொடுத்தவர் நான் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டு அம்மா. வெல்லப் பாகைச் சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, இறுகியதைத் தட்டில் போட்டுப் பார்ப்பார். டங்கென்று சத்தம் கேட்டால் பதம். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம். மறுபடியும் காது!

அந்த வருஷம் மேலைநாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றில் பாகுப் பதங்களுக்கெல்லாம் டிகிரிக் கணக்கு போட்டிருப்பதைப் பார்த்து வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கணக்கு சமவெளிக்கு. மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதில் கழித்தல் கிடையாது. பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது, மலையிலும் கடற்கரையிலும் அது ஒன்றுதான். வெப்பமானி பிறகு பள்ளிக்கூடத்துப் பரிசோதனை அலமாரிக்குப் போனது.

மறையூருக்கும் மேலே காந்தளூர், அதற்கு அப்பால் வட்டவடை. அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு வந்தது. பல் சிறியது, எண்ணெயும் காரமும் ஏறிய பூண்டு. வறுகடலை, வரமிளகாய், கல்லுப்பு, தோலோடு வாட்டிய அந்தப் பூண்டு நாலையும் உரலில் இடித்தால் இட்லிக்குப் பொடி. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ராமச்சேரி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த முதலியார் குடும்பத்தார் மண்பானை வாயில் துணி கட்டித் தட்டையாக இட்லி ஊற்றுவார்கள். அதற்குப் பொடியைத் தேங்காய் எண்ணெயில்தான் குழைத்துத் தருவார்கள். நான் கடலைப் பொடிக்குக் கடலை எண்ணெய் என்று பிடிவாதமாக இருந்தவன். வட்டவடைப் பூண்டு போட்ட பொடிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் பொருந்துகிறது. இந்தப் பொடியை நிறையச் செய்து அடுக்கக் கூடாது. தோட்டோடு கடலை மாதக்கணக்கில் கெடாது. வறுத்து உடைத்தால் நாளாக நாளாகக் காறல் தட்டும். பொடித்துவிட்டால் எண்ணெய் முழுக்கக் காற்றில் திறந்து கிடக்கிறது, ஒரு மாதத்துக்குள் சிக்கு வாடை வந்துவிடும். கடையில் ஆறு மாதத்துக்கு நிற்கிற பொடியை நான் வாங்குவதில்லை.

தொடுபுழைக்காரரான சக ஆசிரியர் ஒருவர் மழைக்காலத்தில் பலாக்கொட்டையைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தருவார். மாவாக, இனிப்பாக இருக்கும். ஆனால் எண்ணெய் இல்லை, வறுத்தாலும் நொறுங்காது. அதைக் கடலையோடு ஒப்பிட்டால் அவர் சண்டைக்கு வருவார். கல்பாத்தி அக்ரகாரத்து நண்பர் ஒருவரோ முந்திரி இல்லாத வறுவலை வறுவலாகவே ஒத்துக்கொள்ளமாட்டார். எனக்கு முந்திரிமேல் பெரிய மரியாதை இல்லை. அடைப்பிரதமனில் நெய்யில் வறுத்த தேங்காய்க்கொத்து செய்கிற வேலையை முந்திரி செய்வதில்லை, அழகுக்குத்தான் மிதக்கிறது. கடையில் பச்சை முந்திரி என்று விற்பதும் முழுப் பச்சையல்ல; ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும் என்பதால் சுட்டோ அவித்தோதான் உடைக்கிறார்கள். ஆகவே அதை வறுப்பது மறுவறுவல், நெய் சூடேறுவதற்குள்ளேயே போட்டு வெளுத்த மஞ்சளில் எடுத்துவிட வேண்டும்.

நான் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கடலைக் காடுகள் தென்னந்தோப்புகளாகியிருந்தன. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூருக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் சேர்ந்து வானம் பார்த்த பூமியில் தென்னையை நிறுத்திவிட்டன. சித்தூர்க் கள் என்றால் இன்று கேரளம் முழுக்கத் தெரியும். அப்பத்தா இருந்திருந்தால் தினமும் தேங்காய் அரைத்திருப்பார். கடலையைப் பொள்ளாச்சியிலிருந்து வாங்கி வருகிறோம். மணலும் இல்லை, கடையில் விற்பது எம்-சாண்ட். கல்லுப்பில் வறுக்கிறேன். அது மணலைப் போலவே சூட்டைப் பிடிக்கும், சற்றே உப்பும் ஏறும்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் வீட்டில் மின்சார ஓவன். பருப்பைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 160 டிகிரியில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் ஒருமுறை கிளறல். நன்றாகவே வருகிறது, ஒரே நிறமாக, ஒன்றுகூடக் கருகாமல். போன மாதம் வீடியோவில் கூப்பிட்டுத் தட்டைக் காட்டி, “எடுக்கலாமாப்பா?” என்றான். படத்தில் நிறம் தெரியவில்லை. தட்டை வெளியே எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கச் சொன்னேன். இரண்டு தடவை குலுக்கினான்.

“எடுத்துரு. பரப்பி வை.”

“இன்னும் வெள்ளையாத்தானே இருக்குது?”

“பரப்பி வைடா.”

பின்னாலிருந்து கோட்டயத்து மருமகள், சட்னிக்கு அரைமூடித் தேங்காய் துருவி வைத்திருப்பதாகவும் சேர்க்கலாமா என்றும் மலையாளத்தில் கேட்டாள். சேர்க்கலாம், ஆனால் அதைக் கடலைச் சட்னி என்று என்னிடம் சொல்லக் கூடாது என்றேன்.